வாக்குக்கு மட்டும் வரும் மகன்

1. யன்னலும் வாயும்

நான் மருந்தாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மருந்தகத்துக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர் எனக்கு மருந்துக் குளிசைகளின் பெயர்களைச் சொல்லித் தரவில்லை. யன்னலைக் காட்டினார்.

"பிள்ளை, இந்த யன்னலுக்கால கை போகலாம், குளிசை போகலாம். வாய் போகக் கூடாது. நாங்கள் அரசாங்க ஆக்கள். அரசியல் கதைச்சீரோ, அடுத்த மாசம் மன்னாரில நிண்டு குளிசை எண்ணுவீர்."

அவர் அப்படி ஒருமுறை மன்னாருக்கு இடமாற்றமாகிப் போய் வந்தவர். சூடு கண்ட பூனை சொன்னால் கேட்கத்தான் வேண்டும். நான் கேட்டேன். ஓய்வு பெறும்வரை வன்னிக்குள்ளேயே நின்றேன். கடைசியாக வேலை செய்தது விசுவமடுப் பக்கம் ஒரு சின்ன வைத்தியசாலையில். இனிச் சொல்லப்போவது அங்கே நடந்தது, அதுவும் என் சேவையின் கடைசி ஜனாதிபதித் தேர்தல் காலத்தில்.

இளம் மருந்தாளர்களுக்குக் கிளினிக் நாளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் யன்னலுக்கு உள்ளேயிருந்து மட்டும் பார்க்கிறீர்கள். பிறஷர், சீனி வருத்தக்காரருக்கு மாதத்தில் ஒரு நாள். விடியவே வந்து, வெறுவயிற்றில் இரத்தம் கொடுத்து, தேத்தண்ணி குடித்து, டொக்டரைக் கண்டு, கடைசியில் என் யன்னலுக்கு வருவார்கள். இடையில் முழுவதும் காத்திருப்புத்தான். அந்தக் காத்திருப்புக்காகவே வருகிறவர்கள் இருந்தார்கள். வீட்டில் கதைக்க ஆளில்லாதவர்கள் முதல் பஸ்ஸில் வந்து, கடைசி பஸ்ஸில் போவார்கள். இது பெரிய ஆராய்ச்சி இல்லை. நானும் குவாட்டர்ஸில் தனியாக இருந்தவள். கிளினிக் நாள் எனக்கும் நல்ல நாள். யன்னலுக்கு நேரே கிடந்த நீள மர இருக்கையில், வாங்கில், நடக்கிற கதையெல்லாம் எனக்குக் கேட்கும். பதில் சொல்லத்தான் முடியாது.

2. வாங்கில் மூன்று பேர்

அந்த வாங்கில் எப்போதும் சேர்ந்து இருப்பவர்கள் மூன்று பேர்.

நாகேஸ்வரி அக்கா சீனி வருத்தக்காரி. உழுந்தும் கச்சானும் பயிர் செய்கிற குடும்பம். ஒரு தம்பி பிரான்சில், பரிஸ் நகரத்தில். உலகத்தில் எது நடந்தாலும் "பரிசில தம்பி சொன்னவன்" என்றுதான் தொடங்குவா. தம்பிராசா அண்ணைக்குப் பிறஷர். தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே குடியேறியவர்கள். வயலும் இரண்டு பசுமாடும் உண்டு. சைக்கிளில் பால் கொண்டுபோய்க் கொடுப்பார். மூன்றாவது ஆள் பழனியாண்டி ஐயா. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து இளவயதில் வந்தவர். வன்னி மண்ணில் இத்தனை காலம் இருந்தும் பேச்சு மட்டும் தோட்டத்துப் பேச்சாகவே இருந்தது. வாழைத் தோட்டம் கொஞ்சம். மனைவி தவறிவிட்டா. ஒரே மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, அங்கேயே கலியாணம் செய்து ஒரு பிள்ளையும் இருக்கிறது.

தேர்தல் அறிவித்த பிறகு வந்த முதல் கிளினிக்கில் வாங்கு சூடாக இருந்தது.

"வெல்ல மாட்டார் எண்டு எனக்கும் தெரியும்," என்றார் தம்பிராசா அண்ணை, தமிழ் வேட்பாளரைப் பற்றி. "ஆனா நாங்களும் இருக்கிறம் எண்டு ஒருக்காக் காட்ட வேணுமெல்லே?"

"காட்டிக் காட்டிக் கண்டது என்ன? எல்லாரையும் பாத்தாச்சு. இந்தப் புது ஆளையும் ஒருக்காப் பாப்பம். யார் குற்றியும் அரிசியானால் சரி." இது நாகேஸ்வரி அக்கா.

"உமி வந்தா?"

"உமி வந்தா உங்கட மாட்டுக்குப் போடுங்கோ."

அவர்கள் சிரித்தார்கள். பிறகு நாகேஸ்வரி அக்கா என் பக்கம் திரும்பினா.

"மிஸ்ஸுக்குத் தபால் வாக்கெல்லே? முந்தியே போட்டிடுவா. ஆருக்கு எண்டு எங்களுக்கும் சொல்லுங்கோவன் மிஸ், யோசிக்கிற வேலை மிச்சம்."

நான் குளிசை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன். எனக்கு வாக்கு தபால் வாக்குத்தான். ஊர் போடுவதற்கு முன்பே ஒரு அரசாங்கக் கந்தோரில் போய்ப் போட்டு, ஒட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். வாக்குச் சாவடி வரிசையில் அயலாரோடு நின்று கதைக்கிற சின்னச் சந்தோசம்கூட எனக்கு வாய்த்ததில்லை. அதை நினைத்து எரிச்சல் வருவதுண்டு.

"பழனி, நீர் ஏன் பேசாமல் இருக்கிறீர்? உமக்கு ஆர்?" என்று கேட்டார் தம்பிராசா அண்ணை.

"எனக்கு யாரா இருந்தா என்னாங்க. ஓட்டு வந்தா எம் மவன் வருவான். தீவாளிக்கு மொதலாளி லீவு குடுக்க மாட்டாரு, பொங்கலுக்கும் குடுக்க மாட்டாரு. கடையில அன்னிக்குத்தான் யாவாரம். ஓட்டுக்குக் குடுக்காட்டி சட்டம் புடிக்கும்னு பயந்து குடுப்பாரு. அவென் பேரு இன்னும் இங்கதான பதிஞ்சிருக்கு."

"அப்ப உமக்குத் தேர்தல்தான் தீபாவளி," என்றா நாகேஸ்வரி அக்கா.

"ஆமாங்க," என்றார் ஐயா. அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

அன்று என் யன்னலுக்கு வந்தபோது அவருடைய சீனிக் குளிசையை டொக்டர் பாதியாகக் குறைத்திருந்ததைக் கண்டு, ஏன் என்று கேட்டேன்.

"போன வாரம் வாழைக்குத் தண்ணி கட்டப் போனேங்க மிஸ். காலையில மாத்திரைய மட்டும் போட்டேன், ஒண்ணும் சாப்பிடல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் வெயில் மூஞ்சியில அடிக்கவும்தான் முழிச்சேன்."

"ஆர் தூக்கினது?"

"யாரு இருக்கா தூக்க? நானாத்தான் எந்திரிச்சேன்."

"மகனுக்குச் சொன்னியளே?"

"போன்ல சொல்ற கதையா மிஸ் அது? பயந்துருவான். கடையில அடுப்பு முன்னுக்கு நின்னுக்கிட்டுத்தான் பேசுவான், பின்னால ஆளுங்க கத்துவாங்க. நேர்ல ஒக்கார வச்சுச் சொல்லணும். 'போதும்டா, பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு, தோட்டம் இருக்கு'ன்னு கேக்கணும். தனியா முடியலீங்க மிஸ்."

கடைசி வசனத்தை மெதுவாகத்தான் சொன்னார். நான் குளிசை உறையில் பழைய அளவை வெட்டிப் புதிய அளவை எழுதி, காலையில் சாப்பிட்ட பிறகு மட்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

3. ஆளுக்கொரு கதை

தேர்தலுக்கு மூன்று கிழமை இருக்கையில் அடுத்த கிளினிக். வாங்கில் இப்போது வேறு ஆட்களும் சேர்ந்திருந்தார்கள். காற்றுப் புதியவர் பக்கம் வீசியது. தம்பிராசா அண்ணைகூடக் கொஞ்சம் அசைந்துபோயிருந்தார்.

பழனியாண்டி ஐயா அன்று வாய் ஓயாமல் கதைத்தார். எனக்கே அதிசயம். நாகேஸ்வரி அக்காவிடம், "இப்ப இருக்கவரு வந்தப்புறம்தான பெட்ரோல் வரிசை போச்சு, கேஸ் வரிசை போச்சு. மறந்துட்டீங்களா? அவருக்குப் போடுங்க தாயி," என்றார். அவ இரத்தம் கொடுக்க எழுந்து போனதும், புதியவருக்குப் போட நினைத்திருந்த தம்பிராசா அண்ணையைப் பிடித்தார். "நீங்க உங்க ஆளையே விட்டா எப்படிங்க? தமிழனுக்குத் தமிழன் போடாட்டி யாரு போடுவா?" பக்கத்தில் இருந்த இன்னொருவர் தமிழ் வேட்பாளருக்கு என்றதும், "எதுக்குங்க அந்த வம்பு, புது ஆளுக்குப் போடுங்க, ஒரு மாத்தம் வரட்டும்," என்றார்.

நான் யன்னலுக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். மனிசனுக்குச் சீனி ஏறி மண்டை குழம்பிவிட்டதோ என்றுகூட நினைத்து, அவருடைய இரத்த முடிவைப் பார்த்தேன். சீனி அளவாகத்தான் இருந்தது.

இப்படியான வியாபாரம் ஒரே வாங்கில் கனநேரம் ஓடாது. நாகேஸ்வரி அக்கா திரும்பி வந்ததும் அவவும் தம்பிராசா அண்ணையும் பக்கத்தில் இருந்தவரும் தங்கள் கதைகளைப் பொருத்திப் பார்த்தார்கள்.

"என்னட்ட ஒண்டு, அக்காவிட்ட ஒண்டு, உவரிட்ட இன்னொண்டு. என்ன பழனி, எல்லாக் கட்சியும் உம்மட்டத்தான் வேலை தந்திருக்கோ?" தம்பிராசா அண்ணைக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும்.

"அப்பிடி இல்லீங்க..."

"வேற எப்பிடி? எங்களைப் பேயர் எண்டு நினைச்சீரோ? இவ்வளவு காலம் ஒரு வாங்கில இருந்து கதைச்ச ஆக்கள் நாங்கள்."

மற்றவர்கள் எல்லோரும் எழுந்து அடுத்த வாங்குக்குப் போனார்கள். வெகுநேரம் அவர் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நீள வாங்கில் தனியே இருந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அவர் செய்ததும் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவருடைய முறை வந்தபோது, "இந்தமுறை மகன் வாறாரோ?" என்று மட்டும் கேட்டேன். அது அரசியல் இல்லை.

"வாரான் மிஸ்," என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

4. அதே கடதாசி

தேர்தல் முடிந்தது. முதல் எண்ணிக்கையில் ஒருவருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். இரண்டாவது எண்ணிக்கை நடத்தி, புதியவர் வென்றதாக அறிவித்தார்கள். அடுத்த கிளினிக் நாள் காலையில், எல்லோருக்கும் முதல் ஆளாகப் பழனியாண்டி ஐயா என் யன்னலுக்கு வந்தார். இன்னும் இரத்தம்கூடக் கொடுக்கவில்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"மிஸ், பாதி வரல பாத்தீங்களா? நான் நெனச்ச மாதிரியே யாருக்கும் பாதி வரல! அடுத்த ஓட்டு என்னிக்குங்க? மவனுக்குச் சொல்லணும், லீவு கேக்க."

எனக்கு விளங்கவில்லை. "எந்த ஓட்டு ஐயா? ஜனாதிபதி வந்திட்டாரே."

"அது சும்மா சொல்லி வச்சிருக்காங்க. பாதி வராட்டி ரெண்டு வாரத்துல திரும்ப ஓட்டுப் போடணுமாமே. நாகேசு அக்கா சொன்னாங்க."

பின்னால் வந்துகொண்டிருந்த நாகேஸ்வரி அக்கா அப்படியே நின்றுவிட்டா.

"நான்தான் மிஸ் சொன்னனான்," என்றா, குரல் இறங்கி. "பரிசில தம்பி சொன்னவன். அங்க அப்பிடித்தானாம், ஒருத்தரும் பாதியைத் தாண்டாட்டித் திரும்பப் போய்ப் போட வேணுமாம். இங்கயும் அப்பிடித்தான் எண்டு நினைச்சு, பஸ்ஸுக்கு நிக்கேக்க இவருக்குச் சொன்னனான்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளித்தது. மனிசன் எந்தக் கட்சிக்கும் வேலை செய்யவில்லை. ஒருவருக்கும் பாதி வரக் கூடாது என்று, தன்னால் இயன்ற அளவுக்கு அந்த வாங்கின் வாக்குகளைப் பிரித்திருக்கிறார். மகன் இரண்டு முறை வரவேண்டும் என்பதற்காக.

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாக்கு எண்ணுகிற முறையைச் சொல்வது அரசியல் இல்லை. சொன்னேன். "ஐயா, இங்க திரும்பப் போடுறது இல்லை. அதே கடதாசியைத்தான் திரும்ப எண்ணுறது. ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு இலக்கம் போட்ட ஆக்களின்ர ரெண்டையும் மூண்டையும் பாத்து, முன்னுக்கு நிக்கிற ரெண்டு பேருக்கும் சேர்ப்பினம். அவ்வளவுதான். முடிஞ்சுது."

"நான் ஒண்ணுதாங்க போட்டேன்," என்றார். பிறகு, "முடிஞ்சிருச்சா?" என்றார்.

"ஓம் ஐயா."

யன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகனிட்டச் சொன்னியளே, விழுந்ததை?"

"இல்லீங்க. விடியக்காலம் வந்தான். ரெண்டு பேரும் பள்ளிக்கொடத்துக்குப் போயி ஓட்டுப் போட்டோம். கோழி அடிச்சுக் கொழம்பு வச்சேன். சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டான், நைட்டு பூரா பஸ்ல நின்னுக்கிட்டே வந்தவன். தூங்குற புள்ளைய எழுப்பி அழுகாச்சிக் கதை சொல்லவா? ரெண்டு வாரத்துல திரும்ப வருவான்ல, அப்ப சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். பின்னேர பஸ்ல போயிட்டான்."

தம்பிராசா அண்ணையும் இதற்குள் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "அட, நாசமாய்ப் போன மனிசா," என்றார். "இதுக்கோ எங்களைப் போட்டு அலைக்கழிச்சனீர்? சொல்லியிருந்தா நானே வீடு வீடாப் போய் வாக்கைப் பிரிச்சிருப்பனே."

பிறகு அவரைத் தோளில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாங்கில் தன் பக்கத்தில் இருத்தினார். நாகேஸ்வரி அக்கா வெகுநேரம் பரிசைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"பாராளுமன்றத் தேர்தல் வருகுது ஐயா. அறிவிச்சிட்டினம்," என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். "அதுக்கும் லீவு குடுக்கத்தான் வேணும்."

ஐயா நிமிர்ந்து பார்த்தார். "இந்தவாட்டி வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே சொல்லிருவேன் மிஸ்."

5. வாசலில்

சொல்லியும்விட்டார். பாராளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு வந்த கிளினிக்கில், நான் கேட்க முதலே சொன்னார்.

"வாசல்லயே வச்சுச் சொல்லிட்டேங்க. ஒரு செருப்பைக் கழட்டியிருந்தான். மத்தது கால்லயே இருந்துச்சு. அப்படியே நின்னு கேட்டான்."

"என்ன சொன்னவர்?"

"அழுதான் மிஸ். விழுந்ததை ஏன் சொல்லலன்னு அழுதான். அப்புறம் சொன்னான், அவனும் ஒண்ணு சொல்லாம வச்சிருந்தானாம். பேரை அங்க மாத்த எழுதிக் குடுத்துட்டானாம். புள்ளையக் கொழும்பு ஸ்கூல்ல சேக்கணும்னா, தாய் தகப்பன் பேரு அந்த ஊரு வாக்காளர் இடாப்புல இருக்கணுமாம். இங்க இதுதான் கடேசி ஓட்டு, இனிமே அங்கதான்."

நான் உறையில் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தேன்.

"அவென் செஞ்சது சரிதாங்க," என்றார் ஐயா, நான் குறை சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர்போல. "புள்ளைக்கு நல்ல ஸ்கூல் கெடைக்கணும்ல? என்னையும் வாங்கப்பான்னான். ஒரே ரூமுங்க மிஸ். அவங்க மூணு பேரும் படுத்தாலே கதவு தெறக்காது. நான் எங்க போயி படுக்க?"

குளிசைக்குக் கை நீட்டினார். நான் உடனே கொடுக்கவில்லை. எனக்குப் பதில் தெரிந்த கேள்வியொன்றை, வாங்கில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டேன்.

"ஐயா, வீட்டில உங்களோட ஆர் இருக்கினம்?"

"யாரும் இல்லீங்க."

நோயாளியின் காரியத்தை மற்றவர் கேட்கும்படி கதைக்கக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பிப்பார்கள். சரியான படிப்புத்தான். அன்று நான் அதைப் பார்க்கவில்லை.

தம்பிராசா அண்ணை வாங்கில் இருந்தபடியே சொன்னார். "பழனி, நான் காலமை பால் கொண்டு போறது உம்மட ஒழுங்கையாலதானே. வாசல்ல மணி அடிப்பன். நீர் ஓம் எண்டு கத்த வேணும். கத்தாட்டி வேலியைப் பிரிச்சுக்கொண்டு உள்ள வருவன், பிறகு வேலி போச்செண்டு சண்டைக்கு வரக் கூடாது."

"வேலி கெடக்கட்டும்ங்க," என்றார் ஐயா. குளிசையை வாங்கிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். நான் ஓய்வு பெறும்வரை அந்த மணி நிற்கவில்லை. மகன் வந்து இருந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சைக்கிள் மணி மகனாகாது.

இதிலிருந்து நான் கற்றது இவ்வளவுதான். குளிசை கொடுக்கிறபோது காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று எல்லாம் சொல்கிறீர்கள். நல்லது. அதோடு, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சீனியை இறக்கும் குளிசை தனியாக இருக்கிற ஆளிடம் வேறு குளிசை; விழுந்தால் தூக்க ஆளில்லை. அதற்குமேல், கேட்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குப் பாதி மருந்து.

நான் இப்போது நெளுக்குளத்தில் தனியாக இருக்கிறேன். எனக்கும் பிறஷர் வந்துவிட்டது. மாதம் ஒருமுறை யன்னலின் மற்றப் பக்கத்தில் நிற்கிறேன். அங்கே குளிசை கொடுப்பது ஒரு கெட்டிக்காரப் பிள்ளை. எழுத்து முத்துமுத்தாக இருக்கும். போன கிளினிக்கில் அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி உறைகளைத் தந்தாள். நான் வாங்கிக்கொண்டும் கொஞ்சநேரம் நின்றேன்.

"வேற என்னம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை," என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்றவருக்கு இடம்விட்டு விலகினேன்.